மூன்று கம்பெனியும் இரண்டு புதூரும்

பல கம்பெனிகள் சேர்ந்து பயன்படுத்தப்போகும் கணினி அமைப்புக்கு யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிவருவது என் பிழைப்பு. கேட்டதைச் செய்து கொடுத்தால் "இதையா கேட்டோம்?" என்பார்கள், கேட்காததை விட்டுவிட்டால் "இது தெரியாதா?" என்பார்கள். இதே தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஜவ்வாது மலை வேலையை நினைத்தால் எனக்கு இன்னமும் சாப்பாடு இறங்காது.

பாயின் பட்டியல்

மலையில் சாமை விளைவிப்பவர்கள் சேர்ந்து நடத்தும் உழவர் கம்பெனி ஒன்று. அந்தச் சாமையை வாங்கி அரிசியாக்கும் செங்கம் மில் ஒன்று. அந்த அரிசியை வெளியூர்களுக்கு அனுப்பும் வாணியம்பாடி வியாபாரி பஷீர் பாய். மூவருக்கும் சேர்த்து ஒரே அமைப்பு.

முதலில் பாயைப் பார்த்தேன். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, மில்லில் எவ்வளவு இருக்கிறது, மலையில் எவ்வளவு இருக்கிறது, லாரி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் தன் திரையில் தெரிய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எழுதிக்கொண்டு, "உங்க குடோன் இருப்பை அவங்களுக்குக் காட்டலாமா?" என்றேன். அதற்குப் பாய் சொன்ன பதிலைத்தான் மில்காரரும் பிறகு சொன்னார், இவ்வளவு மரியாதையாக இல்லை.

"அது எதுக்கும்மா அவங்களுக்கு?"

மூட்டை

மில்லுக்கு மூட்டை என்றால் எடைபோட்டுத் தைத்தது. மலையில் மூட்டை என்றால் ஓர் ஆள் தலையில் தூக்கி ரோடு வரை இறக்கக்கூடியது. இதற்கே மூன்று கூட்டம் போட்டோம். கடைசியில் மில் சொன்னதை எழுதினேன். உழவர் கம்பெனி மேனேஜர் கோவிந்தன் மலைக்காரர், அதிகம் பேசாதவர். கையெழுத்துப் போடும்போது மட்டும் சொன்னார்.

"எழுதிக்கங்க மேடம், தூக்கறவங்க தலை அப்படியேதான் இருக்கும்."

புதூர்

லாரி நிற்க வேண்டிய ஊர்களின் பட்டியலைக் கேட்டபோது, புதூர் இரண்டு தடவை வந்தது. மலையின் மேற்கே ஒன்று, தெற்குச் சரிவில் ஒன்று. புதூர்-1, புதூர்-2 என்று போட்டேன். மூன்று கம்பெனியும் கையெழுத்துப் போட்டன. ஊர்க்காரர்கள் யாரையும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர்கள் இல்லை.

அறுவடை முடிந்து முதல் லாரி கிளம்பியது. தெற்குப் புதூரில் சின்னக்கண்ணு என்ற பெண்மணி தன் மொத்த விளைச்சலையும் காலையிலேயே ரோட்டுக்கு இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் செல்போனில் புதூர்-2 என்று பார்த்து, இரண்டு எதுவென்று புரியாமல், தனக்குத் தெரிந்த மேற்குப் புதூருக்குப் போய், வந்து சேர்ந்ததாக அமுக்கிவிட்டார். அமைப்பு அதைத் தெற்குப் புதூர் கணக்கில் ஏற்றிக்கொண்டது. கீழே எல்லோர் திரையிலும் லாரி போய்ச் சேர்ந்ததாகப் பச்சை. மத்தியானம் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. அங்கே செல்போனில் சிக்னலும் கிடையாது.

மூன்றாம் நாள் கோவிந்தனோடு போனேன். சின்னக்கண்ணு ஒரு மூட்டையை அவிழ்த்து உள்ளே கையை விட்டுக் காட்டினார். சாமை சூடேறி, புளித்த வாடை அடித்தது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"எல்லாரையும் கேட்டு எழுதினீங்கன்னாங்க. எங்கள இன்னா கேட்டீங்க?"

ஈரம்

அந்த மூட்டைகளையாவது மில் எடுத்துக்கொள்ளுமா என்று கெஞ்சப் போனேன். தரம் பார்க்கும் வேலு இளகிய மனசுக்காரர். ஒரு பிடி எடுத்து முகர்ந்தவர் தலையை ஆட்டினார். திரையில் "நிராகரிப்பு" என்பதைத் தொட்டு, காரணத்தில் "ஈரம்" என்பதைத் தேர்ந்தெடுத்தார். லாரி வராததால் நனைந்தது என்று சேர்த்துவிடுங்கள் என்றேன். அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

"ஈரம்னு போட இடம் இருக்கு மேடம், ஏன் ஈரமாச்சுன்னு போட இடமில்ல."

பூட்டு

மூன்று கம்பெனியும் கூடிப் பேசின. மில், டிரைவரைக் குறை சொன்னது, டிரைவர் செல்போனைச் சொன்னார், பாய் என்னைப் பார்த்தார். நான் மூவரும் கையெழுத்துப் போட்ட ஊர்ப் பட்டியலைக் காட்டினேன். தப்பித்துவிட்டேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஒருவரும் சின்னக்கண்ணுவுக்குப் பொறுப்பேற்கவில்லை. கோவிந்தன் மறுவாரம் வேலையை விட்டுவிட்டார்.

ஊர்ப் பெயர்களை மாற்றச் சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். இம்முறை ஊர்க்காரர்களிடமே கேட்டு எழுத நானே மலையேறினேன். முதலில் சின்னக்கண்ணு வீட்டுக்குத்தான் போனேன். பூட்டியிருந்தது. கர்நாடகாவில் காப்பித் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். எப்போது திரும்புவார்கள் என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"வெதச் சாமையும் அந்த நனஞ்ச மூட்டையிலதாம்மா இருந்துச்சு, இன்னாத்துக்குத் திரும்பி வருவாங்க?"

இப்போது திரையில் மேற்குப் புதூர், தெற்குப் புதூர் என்று தெளிவாக இருக்கிறது, லாரியும் சரியான ஊருக்கே போகிறது, தெற்குப் புதூரில் ஏற்றுவதற்குத்தான் ஒன்றுமில்லை.