மாலை போட்ட இன்ஸ்பெக்டர்

உயிரோடு இருந்த ஒருவனுக்கு மாலை போட எனக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. "பொலிஸ் நிலையம், உட்புறம். சுவரில் பழைய இன்ஸ்பெக்டரின் படம், மாலையுடன்." எழுதி முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கவும் போனேன்.

நான் அப்போது ஒரு தொலைக்காட்சிக்குப் பொலிஸ் நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். கதை இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் நடப்பது. இன்ஸ்பெக்டராக நடித்தவன் எங்களுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் காமன் கூத்தில் ஆடியதைப் பார்த்து நான்தான் இழுத்து வந்தேன். "கடைய விட்டுட்டு வா தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்று வாய் கிழியச் சொன்னவளும் நான்தான்.

அவன் நடிக்கவில்லை, காக்கி உடுப்பில் வாழ்ந்தான். படப்பிடிப்பு இடைவேளையில் ஒருநாள் உடுப்போடு பிளேன்டீ குடிக்கப் போனபோது, கடையில் இருந்த நிஜமான கான்ஸ்டபிள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஒரு காட்சியில் முறைப்பாடு சொல்ல வந்த தோட்டத்து அம்மாவிடம், "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல" என்பான். அது ஒளிபரப்பான மறுநாள் எங்கள் மலையில் கொழுந்து பறித்த பெண்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். நம் பேச்சைப் பேசும் இன்ஸ்பெக்டரை அவர்கள் திரையிலும் பார்த்ததில்லை, நிலையத்திலும் பார்த்ததில்லை.

அதுவே அவனுக்கு வினையானது. ஒருநாள் தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "ஆள் நல்லாத்தான் செய்றார். ஆனா கதைக்கிறதில கம்பீரமில்ல. லயத்து ஆள் மாதிரி இருக்கார். இப்பிடி ஒரு இன்ஸ்பெக்டர யார் நம்புவாங்க?" என்றார். கொழும்பில் விளம்பரங்களில் வரும் ஒரு சிவந்த முகத்தை ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார். பழையவனைக் கதையிலிருந்து வெளியேற்றுவது என் பொறுப்பு.

நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். காம்பிரா என்ற அந்த ஒற்றை அறையில் ஏழு பேர் படுத்தோம். அந்த அலுவலகத்தில் அது ஒருவருக்கும் தெரியாது, தெரியவிடவும் இல்லை. அங்கே நான் பெருக்கித் துடைத்த தமிழ்தான் பேசுவேன். "நானும் லயத்து ஆள்தான், நான் எழுதுவதை மட்டும் எப்படி நம்புகிறீர்கள்?" என்று கேட்டிருக்கலாம். "பார்க்கலாம்" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

விஷயத்தைச் சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டான். சண்டை பிடிக்கவில்லை.

"சரிக்கா, ஒங்க கையில என்ன இருக்கு? ஆனா என்னய சாகடிச்சிராதீங்க. வலப்பனைக்கு மாத்தலாயிப் போயிட்டேன்னு எழுதுங்க. என்னைக்காச்சும் திரும்பக் கூப்புடுவாங்க."

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "மாலை போட்டு படம் மாட்டுவாங்களே, அது மட்டும் வேணாங்கா. நல்லா இருக்கிற மனுசன்."

"அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். இருவரும் நம்பினார்கள்.

இடமாற்றம் என்றுதான் முதலில் எழுதினேன். தயாரிப்பாளர் தாளைத் திருப்பித் தள்ளினார். "மாத்தலாகிப் போனா ஆக்கள் எப்ப வருவார் எண்டு கேட்டுக்கொண்டே இருப்பாங்க. செத்தாத்தான் முடியும். புதுசா வாறவருக்கும் பழிவாங்க ஒரு காரணம் வேணும்." தோட்டத்து ஆட்கள் இதையெல்லாம் பொறுக்கமாட்டார்கள் என்று இழுத்தேன். அவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். நான் எழுதாவிட்டால் இன்னொருவர் எழுதுவார், என் இடமும் போய்விடும் என்று பயந்தேன். ஆக, கடத்தல்காரர்களின் தோட்டா ஒன்று, திரைக்கு வெளியே. அவனைப் படப்பிடிப்புக்குக் கூப்பிடக்கூடத் தேவையில்லை, ஒரு படம் போதும்.

நாடகக் குழுவிடம் இருந்த படங்களில் எல்லாம் தொப்பி நிழல் முகத்தை மறைத்தது. வேறு படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். என் கைபேசியில் இருந்தது. அவன் மகளின் முதல் பிறந்தநாளில் நானே எடுத்தது, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான். மற்றவர்களை வெட்டிவிட்டு அவனைத் தோள்வரை மட்டும் அனுப்பினேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஒளிபரப்பான மறுநாள் காலை அவன் மனைவி கைபேசியில் பேசினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாப்பா ஓடிப்போயி டிவிய தொட்டுத் தொட்டு அப்பா, அப்பான்னுச்சு. மாமி, இவரு அம்மா, எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. இவருதான் டிவிய நிப்பாட்டுனாரு." பிறகு சொன்னாள்: "படத்துல அவரு தோள்ல சின்னதா வெரலுங்க தெரியுதுக்கா. மாலைக்குக் கீழ. அது பாப்பா கையி. அதயாச்சும் வெட்டியிருக்கக் கூடாதா?"

நான் கவனிக்கவில்லை என்றேன். அது உண்மைதான். உண்மையாக இருந்து என்ன பயன்? புதிய இன்ஸ்பெக்டர் வாரந்தோறும் அந்தப் படத்தின் முன்னால் நின்று சபதம் செய்தார், நான் எழுதிக்கொடுத்த சுத்தமான தமிழில்.

புடவைக்கடையில் அவனைத் திரும்ப எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பல மாதங்கள் கழித்து ஹட்டனில் எங்கள் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் அவன். "செத்துப்போன இன்ஸ்பெக்டரு டிக்கட் குடுக்குறாருடோய்!" என்று பின்சீட்டிலிருந்து யாரோ கத்த, பஸ் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். தினமும் கேட்டுப் பழகிய சிரிப்பு அது.

என் சீட்டுக்கு வந்தான். "தம்பி..." என்றேன்.

எங்கள் லயத்து வாசல் அவனுக்குத் தெரியும். என் அம்மாவின் சவப்பெட்டியை அந்த வாசலிலிருந்து தூக்கியவர்களில் அவனும் ஒருவன். டிக்கட் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்:

"மிஸ் எங்க எறங்கணும்?"

சொன்னேன். டிக்கட்டைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான்.