எண்ணெய் குடித்த கம்பிகள்

போன மாதம் பெங்களூரில் தங்கை மகனோடு ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போயிருந்தேன். அவன் அலுவலக நண்பர்களோடு சேர்ந்து சனிக்கிழமைகளில் பேஸ் கித்தார் வாசிக்கிறான். கம்பி மாற்ற வேண்டுமாம். "கொஞ்சம் வார்ம்மா கேக்கணும் மாமா" என்றான். கணீரென்று இல்லாமல் கும்மென்று ஒலிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு சுவர் முழுக்கக் கம்பிப் பொட்டலங்கள். எது எப்படி ஒலிக்கும் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்தது. கடைக்காரர் ஒன்றைப் பிரித்து என் கையில் கொடுக்க, நான் முதலில் மூக்கருகே கொண்டுபோனேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். மாம்பழத்தை மோந்து பார்த்து வாங்குகிறவரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

புது உலோக வாசனைதான் வந்தது. எனக்கு வேண்டியிருந்தது நல்லெண்ணெய் வாசனை.

பேஸ் கித்தாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தடித்த கம்பிகள், அதுவும் நான்கே. பாட்டில் அதைத் தனியாக யாரும் கேட்பதில்லை. வாசிப்பதை நிறுத்தினால் மட்டும் என்னவோ குறைகிறதே என்பார்கள். ரசத்தில் பெருங்காயம் மாதிரி. அது கும்மென்று அடியில் கிடக்க வேண்டும். மேலே வந்து துருத்தினால் பாட்டு கெட்டது.

என் பேஸ் துருத்தியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வீரகேரளம்புதூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். ஜாகை தென்காசியில். மாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் நேராக ஆறுமுகம் அண்ணாச்சியின் ரேடியோ ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த அறைக்குப் போய்விடுவேன். அங்கேதான் எங்கள் மெல்லிசைக் குழு பயிற்சி செய்தது. குழுவின் பெயரில் 'சாரல்' உண்டு. அந்தப் பக்கத்தில் பெயரில் சாரல் இல்லாத குழு அப்போது கிடையாது. அண்ணாச்சி தலைவர், அக்கார்டியன் வாசிப்பார். பாடுவது கோமதி அக்கா. கீழப்பாவூரில் பள்ளிக்கூட ஆசிரியை. மேடையிலும் அதே குரல்தான். முன்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் தாமாகவே கையைக் கட்டிக்கொள்வார்கள்.

நான் எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்கிற ஆள். பென்சில்களைக்கூட உயர வரிசையில்தான் வைப்பேன். கித்தாருக்கென்று ஒரு மஞ்சள் துணி உண்டு. வாசிக்கும் முன் ஒரு துடைப்பு, வாசித்தபின் ஒரு துடைப்பு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலும் ஒன்று. தபலாக்காரர் ஒருமுறை, "தம்பி, கித்தாருக்கு மூக்கு ஒழுகுதோ?" என்று கேட்டார்.

அந்த வருடம் குற்றாலச் சீசன் கச்சேரிக்கு முன்னால் கம்பி வாங்க மதுரை போனேன். சீசனின் முதல் கச்சேரிக்கு எல்லாரும் எதையாவது புதிதாக மாற்றுவது எங்கள் வழக்கம். கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் உருண்டையான கம்பியைச் சுற்றியிருந்தார்கள். தொட்டால் சொரசொரப்பு, பார்த்தால் வெள்ளிக் கொலுசு. மற்றதில் தட்டையான தகடு போல் சுற்றியிருந்தது. வழவழப்பாக, மங்கலாக, உறைகூடக் கொஞ்சம் பழுத்து. பழைய சரக்கைத் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பளபளப்பானதை வாங்கி வந்தேன்.

மாட்டி முதல் தட்டு தட்டியதுமே அண்ணாச்சி அக்கார்டியனை மூடினார்.

"என்னலே இது, எவர்சில்வர் கடையில குடம் உருளுத மாதிரி கேக்கு?"

"புதுக் கம்பி அண்ணாச்சி. போகப் போகச் சரியாயிரும்."

"எங்கன சரியாகும்? நீதான் நித்தம் தொடச்சுத் தொடச்சுப் புதுசாவே வச்சிருக்கியே."

கோமதி அக்கா மெதுவாகத்தான் சொன்னாள். "கோவிச்சுக்காதலே. ஒன் கம்பி என் பாட்டுக்கு அடியில நிக்க மாட்டேங்கு. பக்கத்துல வந்து நின்னு கூடவே பாடுது."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல், திருநெல்வேலியில் ஒருவன் நன்றாக வாசிக்கிறானாம், சீசன் கச்சேரிக்கு அவனையும் வரச்சொல்லியிருக்கிறேன் என்றார். 'அவனையும்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியும். நாலு கம்பிக் கருவிக்கு இரண்டு ஆள் எந்தக் குழுவிலும் இல்லை. சங்கத்தில் ரசீது எழுதுகிற கைக்கு வேறு ஒரு வேலையும் தெரியும் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள அந்தக் கித்தார் ஒன்றுதான் எனக்கு இருந்தது. பேருந்தில் போகும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

கச்சேரி நாள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு முன்னால் பந்தல். முதல் கச்சேரியன்று குழு முழுக்க எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டுத்தான் மேடையேறும். இது அண்ணாச்சியின் சட்டம். காலையில் ஆண்கள் எல்லாரும் கல்லில் வரிசையாக உட்கார்ந்தோம். எண்ணெய் தேய்ப்பவர் என்னைச் சப்பாத்தி மாவாகப் பிசைந்தார். காது மடல் வரை நல்லெண்ணெய். எழுந்து அருவியை நோக்கி நடக்கிறோம், போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். மலையில் நல்ல மழை. குளிப்பவர்களின் பாதுகாப்புக்குக் கட்டிய வளைவையும் தாண்டித் தண்ணீர் விழுகிறது. யாரும் குளிக்கக் கூடாது.

ஐந்தருவிக்கு ஓடினோம். அங்கேயும் விசில்.

"லாட்ஜு குழாயில ஊத்திக்கிடுவமே அண்ணாச்சி" என்றார் தபலாக்காரர்.

"குத்தாலத்துக்கு வந்து குழாயில குளிக்கவா? கச்சேரி வெளங்குமாலே?"

ஆகவே காத்திருந்தோம். மத்தியானமும் தாண்டிவிட்டது. எண்ணெய் மினுங்கும் உடம்போடு, துண்டைக் கட்டிக்கொண்டு, வறுத்த கடலையைத் தின்றுகொண்டு ஒரு மெல்லிசைக் குழு லாட்ஜ் வாசலில் உட்கார்ந்திருந்ததைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோமதி அக்காவும் தலையில் எண்ணெய் வழிய வந்து சேர்ந்தாள். பெண்கள் பக்கமும் அதே விசில்தான். அப்போது மைக் செட்காரர், ஒவ்வொருவராக வாசித்துக் காட்டினால்தான் சரிபார்க்க முடியும் என்று பந்தலிலிருந்து கத்தினார்.

"கையெல்லாம் எண்ணெயா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"எனக்குந்தான் பொத்தான் வழுக்குது. நான் சொல்லுதனா? வாசிலே."

வாசித்தேன். விரல் கம்பியில் வழுக்கிக்கொண்டே போனது. சொரசொரப்பான கம்பியின் சுற்றுகளுக்கு இடையே எண்ணெய் இறங்குவதை விரல் நுனியில் உணர முடிந்தது. பதறிப்போய் முழுப் பாட்டையும் அப்படியே ஓட்டிவிட்டு, மஞ்சள் துணியை எடுத்துத் துடைக்கக் குனிந்தேன்.

"துணியக் கீழ போடுலே" என்றாள் கோமதி அக்கா, வகுப்பறைக் குரலில்.

போட்டேன்.

"இப்ப இன்னொருக்க வாசி."

அப்போதுதான் காது திறந்தது. கணீரெல்லாம் போய், கும்மென்று, நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். அக்கா அதற்கு மேல் ஒரு வரி பாடினாள். நின்றது. கம்பி அடியில், பாட்டு மேலே.

சாயங்காலம் விசில் தளர்ந்து, அருவியில் ஆட்களை விட்டார்கள். எல்லாரும் ஓடினோம். அக்கா கடைசியாகத்தான் போனாள். போகும்போது என் மஞ்சள் துணியைத் தன் தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "இவன நம்ப முடியாது" என்று அண்ணாச்சியிடம் சொன்னாளாம்.

திருநெல்வேலிக்காரர் வந்திருந்தார். மடியில் கித்தார் பெட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முழுக்க நான் அவருடைய செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது எழுந்திருக்குமோ என்று. பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி குனிந்து அவரிடம் சொன்னார்: "தம்பி, பஜ்ஜி சூடா போடுதான். சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க."

இடைவேளையில் அவரே என்னிடம் வந்தார். "என்ன கம்பி போட்டிருக்கீங்க? ஜம்முனு இருக்கே." பொட்டலத்தின் பெயரைச் சொன்னேன், எண்ணெயைச் சொல்லவில்லை. அவர் மதுரை போய் அதையே வாங்கியிருப்பார். என்னைத் திட்டியும் இருப்பார்.

அதற்குப் பிறகு என் கம்பிகளை நான் துடைத்ததே இல்லை. ஆனால் சில வருடங்களில் கீபோர்டு வந்தது. பேஸ் முழுவதையும் ஒருவரே இடது கையால் வாசித்துவிட்டார். நானும் தேவைப்படவில்லை, திருநெல்வேலிக்காரரும் தேவைப்படவில்லை. கித்தாரைக் கேட்ட ஒருவருக்குக் கொடுத்தேன், கம்பியைத் துடைக்காதீர்கள் என்று சொல்லி. துடைத்திருப்பார். அண்ணாச்சி இல்லை. ரேடியோ ரிப்பேர் கடையும் இல்லை. பந்தல் போட்ட இடத்தில் கார்கள் நிற்கின்றன. விசில் மட்டும் இன்னும் அதே விசில்தான்.

பெங்களூர்க் கடையில் நான் தட்டைச் சுற்றுக் கம்பியைத்தான் காட்டினேன். மதுரையில் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே வகை. இப்போது கண்ணாடி அலமாரியில் தனி மரியாதையோடு இருக்கிறது. தங்கை மகன் அங்கேயே மாட்டி வாசித்துப் பார்த்தான். கும்மென்றுதான் இருந்தது. மருமகனுக்கு வாயெல்லாம் பல்.

கடைக்காரர் பில்லோடு ஒரு சின்னத் துணியையும் நீட்டினார். கம்பி துடைக்க, இலவசமாம். அவன் கை நீட்டுவதற்குள் நான் வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.