வாடகைக் கதிரையை விட்டு எழும்பாத செல்வராணி அக்கா

செல்வராணி அக்கா நேற்றுக் காலை போய்விட்டார். தூக்கத்திலேயே...

மாத்தளைப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை. தைத்து வரும் சட்டைகளில் மிச்ச நூலை வெட்டும் பிரிவு. நாள் முழுக்க நின்றபடி.

ஐரோப்பிய வரிச்சலுகையைத் தொழிலாளர் உரிமையோடு முடிச்சுப் போடுவது சரியா என்ற விவாதம் சூடாக இருந்தபோது, செய்திக்காக அவரைச் சந்தித்தேன்.

"அவனுங்க நாட்டுத் துணிய காப்பாத்தத்தான் இந்தச் சட்டமெல்லாம்னு மனேஜர் சொல்றாரு. இருக்கட்டுமே தம்பி. அவனுங்க வர்ற அன்னைக்குத்தானே எங்களுக்கு உட்காரக் கதிர வருது!"

உண்மைதான். வேலை நிலைமையைச் சோதிக்க வெளிநாட்டு ஓடிட் வரும் நாளில், கல்யாண வீடுகளுக்குக் கதிரை கொடுக்கும் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்துப் போடுவார்கள். ஓடிட்காரர்களின் வேன் கேட்டைத் தாண்டியதும் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

ஒருமுறை லொறி வந்தது. அக்கா எழும்பவில்லை. அவர் சம்பளத்தில்தான் வீடே ஓடியது, எழும்பாததற்கு அந்த வேலையே போயிருக்கலாம். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் எழும்பவில்லை.

மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போடத் தெரியாத மனிதர். "எழும்புங்கோ பிள்ளையள், லொறிக்காரன் நிக்கிறான்."

"அவனுங்க எதையாச்சும் மறந்து வச்சுட்டுத் திரும்பி வந்துட்டா என்ன சேர் செய்வீங்க?" அக்காவின் கத்தரிக்கோல் நிற்கவில்லை. பிரிவே சிரித்ததாம்.

கடைசியில் கம்பனி அந்தக் கதிரைகளை வாங்கிவிட்டது. முதுகில் கடைப் பெயர் அப்படியே...

சலுகை போனால் ஓடர் போகும், ஓடர் போனால் வேலை போகும் என்ற மனேஜரின் பயமும் பொய்யில்லை. அப்படிப் பூட்டிய கார்மென்ட்ஸ்களைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். அக்காவிடமும் சொன்னேன்.

"எனக்கும் பயந்தான் தம்பி. அதுக்காக நின்னுக்கிட்டே பயப்படணுமா? உட்காந்து பயப்படுறேன்."

இன்று அக்காவின் ஊரான பல்லேபொலவில் அடக்கம். முற்றம் நிறையக் கதிரைகள். முதுகில் அதே கல்யாணக் கடைப் பெயர். கம்பனி அனுப்பியிருந்தது.

பின்னேரம் கதிரைகளைத் திருப்பி ஏற்றக் கம்பனி லொறி வந்தது. நூல் வெட்டும் பிரிவுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தியும் எழும்பவில்லை. அழுத முகங்களில் சிரிப்பு.

லொறியோடு வந்த மனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

போய் வாங்க அக்கா... நாங்க இன்னும் கொஞ்ச நேரம் உட்காந்திருக்கோம்.