ஒலீட்டா மறைக்காத ஒன்றரை மணி நேரம்

எங்கள் ஊரில் கல்லூரியை ஒட்டிய மேட்டுத் தெருவில், மாணவர்கள் கூடித் தங்கும் சகோதர சங்க வீடுகள் பத்தொன்பது உண்டு. வாசலுக்கு மேலே மூன்று கிரேக்க எழுத்து, முன்னால் வெள்ளைத் தூண், பின்னால் பீர் பீப்பாய். அதில் ஒன்பதாவது வீட்டில், ஐம்பத்துநான்கு பையன்களுக்கு, இருபத்திரண்டு வருடம் சமைத்தவள் ஒலீட்டா டேக்கெட். நான் அங்கே பாத்திரம் கழுவினேன்.

ஒலீட்டா மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கப் பக்கத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் புருஷனோடு ஒஹையோவுக்கு, எங்கள் ஊருக்கு வந்தாள். புருஷன் வேலை பார்த்த டயர் ஆலை மூடியதும் அவன் லாரி ஓட்டப் போனான். ஒருமுறை அரிசோனாவுக்குச் சரக்கு ஏற்றிப் போனவன் அங்கிருந்து ஒரு படத் தபால் அட்டை அனுப்பினான், திரும்பி வரவில்லை. அட்டையில் ஒரு கள்ளிச்செடிப் படம் இருந்தது. அதை அவள் எறியவும் இல்லை, மாட்டி வைக்கவும் இல்லை. சோடா உப்பு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.

வேலை கேட்டுப் போனபோது, ஐம்பது பேருக்குச் சமைத்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். "பன்னெண்டு பேருக்குச் சமைச்சிருக்கேன். அதையே நாலு தடவை பண்ணிட்டா முடிஞ்சுது" என்றாளாம். அன்றைக்கே ஏப்ரன் கொடுத்துவிட்டார்கள்.

பையன்கள் அவளை மிஸ் ஓ என்பார்கள். காலையில் பிஸ்கட் என்கிற மெத்தென்ற சுடு ரொட்டியும் கிரேவியும் வைக்கும் நாளில் மேசையில் சத்தம் தாங்காது.

"மிஸ் ஓ, இந்த கிரேவியை நான் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"முதல்ல சட்டையை மாத்துடா. மூணு நாளா அதே சட்டை. கிரேவி ஒத்துக்காது."

"இவனுக்கு சட்டையே ஒண்ணுதான் மிஸ் ஓ, எங்களுக்கு நல்லாத் தெரியும்!"

"உனக்கு ரெண்டு இருந்தும் நாத்தம் ஒண்ணாத்தான் இருக்கு. தட்டை எடுத்து வை."

அவர்கள் அவளிடம் திட்டு வாங்கவே வருவது போல வருவார்கள். வீட்டை விட்டு வந்த பையன்கள். ஆனால் நான் தட்டு எடுக்கும்போது எனக்கு வழிவிட எவனும் எழுந்ததில்லை. ஒலீட்டாவுக்கு எழுந்திருப்பார்கள்.

இங்கே ஒரு முதுகுப்பையின் கதையைச் சொல்ல வேண்டும். நான் சேர்வதற்கு முன் நடந்தது, அவளே சொன்னது. ஒருநாள் காலை ஆறு மணிக்கு அவள் வந்தபோது முன் அறை சோபாவில் ஒரு பையன் மல்லாந்து கிடந்தான். குடித்தவன். வாந்தி தொண்டையில் அடைத்து உதடு நீலமாகிவிட்டது. அவள் அவனைப் புரட்டிப் போட்டு முதுகில் அடித்து, விரலை விட்டு எடுத்தாள். பிழைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றதற்கு, வேண்டாமென்று பையன்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸும் வரும். இருபத்தொரு வயது ஆகாதவன் குடித்தான் என்றால் வீட்டுக்கே ஆபத்து.

அடுத்த திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஒலீட்டா ஒரு பள்ளிக்கூட முதுகுப்பையில் தக்காளி டின் இரண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஒருவனைக் கீழே படுக்கச் சொல்லி, பையை மாட்டி, நெஞ்சுப் பட்டையை இறுக்கினாள். "இப்ப மல்லாக்கப் படு பாக்கலாம்" என்றாள். அவனால் முடியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து அவன் தலைமாட்டில் போட்டாள்.

"பை மாட்டினா மட்டும் போதாது. ஒருத்தன் இதுல உக்காரணும். குடிக்காதவன். நான் காலைல வர்ற வரைக்கும். மூச்சு ஏறுமாறா இருந்தா போன் பண்ணணும். போலீஸ் வந்தா வரட்டும், நான் பேசிக்கறேன்."

அது வீட்டு வழக்கமாகிவிட்டது. மூத்தவர்கள் போகும்போது அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு ‘ஓ பை’ என்றே பெயர். மற்ற வீடுகளும் எடுத்துக்கொண்டன.

நாற்காலி மட்டும் மெல்ல மெல்லப் போனது. நான் சேர்ந்த வருடம் அதில் யாராவது உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்கள். பிறகு நாற்காலி இருக்கும், ஆள் இருக்காது. பிறகு நாற்காலியே சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. ஒருமுறை ஒலீட்டா கேட்டாள். அந்த வருடத் தலைவன் சிரித்துக்கொண்டே, "அதான் பை இருக்குல்ல, மிஸ் ஓ" என்றான். அவள் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த முட்டையை எடுத்தாள்.

புதிதாகச் சேர வருகிறவனைப் ‘புதுசு’ என்பார்கள். எட்டு வாரம் புதுசாக இருந்து, சொன்னதைச் செய்து, கடைசியில் சகோதரன் ஆகலாம். அந்த அக்டோபரில் பதினாறு புதுசுகள். அதில் டெவின் ரூபல் என்று ஒருவன், சோளக்காட்டு ஊர்க்காரன், தட்டைக் கழுவுமிடத்தில் கொண்டுவந்து என் கையில் கொடுப்பான். வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை என்பதால் அவன் பெயர் எனக்குத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை ஒவ்வொரு புதுசுக்கும் மூத்தவர்களில் ஒருவனை அண்ணனாகச் சேர்த்துவைக்கும் சடங்கு. அண்ணன் ஒரு போத்தல் விஸ்கி கொடுப்பான்; தம்பி அதைக் காலி செய்ய வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் பின்வாசல் வழியாக வந்தோம். ஒலீட்டா வழக்கம்போல முன் அறையை எட்டிப் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். சோபாவில் ஒருவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான், முதுகில் பை.

"பை இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மாவு பிசைந்தாள். நான் காப்பிப் பாத்திரத்தை ஏற்றினேன்.

ஏழரைக்குக் கோப்பை பொறுக்கப் போனேன். சோபாவிலிருந்து தொங்கிய கையின் நகங்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன.  ஓடிப்போய் அவள் ஏப்ரனைப் பிடித்து இழுத்தேன். அவள் வந்தாள், பார்த்தாள், அவனைக் கீழே இறக்கினாள், போன் செய்தாள். ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தது. ஆம்புலன்ஸ் நிற்கும் தீயணைப்பு நிலையம் அடுத்த தெருவில்தான்.

அது டெவின். அவன் சாகவில்லை. எல்லோரும் முதலில் சொன்னது அதைத்தான். ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாத நேரம் அதிகம். பேச்சு குழறியது, இடது கை சொன்னபடி கேட்கவில்லை. அவன் அம்மா ட்ரூடி கல்லூரிக்கு வந்து அவன் அறையிலிருந்த துணிகளை ஒரு கூடையில் அள்ளிப் போனாள்.

அதற்குப் பிறகு ஊரே பேசியது. கல்லூரி, "அந்த வீடு எங்கள் சொத்தல்ல" என்றது. சங்கத்தின் தலைமையகம், "இது எங்கள் கொள்கைக்கு மாறானது" என்று அறிக்கை விட்டது. பழைய மாணவர்கள், "இப்போதுள்ள பையன்களின் தவறு" என்றார்கள். பையன்கள் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொருவனுக்கும் ஒரு வக்கீல். மாணவிகள் மெழுகுவர்த்தியோடு ஊர்வலம் போனார்கள். காப்பிக்கடையில் தினமும் சண்டை.

"எல்லா வீட்டையும் இழுத்து மூடணும். பத்தொன்பதையும்."

"மூடிட்டு? உன் பீட்சாவை எவன் வாங்குவான், வெர்ன்? உன் தாத்தாவா?"

"என் தாத்தா குடிச்சாலும் வீடு வந்து சேந்தாரு."

"ஆமா, தப்பான வீட்டுக்கு."

கடை சிரித்தது. ஒலீட்டா மூலையில் உட்கார்ந்து காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் பீட்சாக்கடை வெர்ன் மரியாதைக்குத் தொப்பியைத் தொட்டான். "உங்களைச் சொல்லல, ஒலீட்டா. நீங்கதானே அந்தப் பையனைக் காப்பாத்தினது."

அப்படித்தான் செய்தித்தாளில் வந்திருந்தது. காலையில் வந்தாள், பார்த்தாள், கூப்பிட்டாள்.

கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் பொது விசாரணை வைப்பதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வாரம் பழைய மாணவர்களின் வக்கீல் ஹாலம்பெக் சமையலறைக்கு வந்தார். அவரும் ஒரு காலத்தில் இதே வீட்டில் சாப்பிட்டவர். மாடிப்படிச் சுவரில் அவர் படம் இருக்கிறது.

"மிஸ் ஓ, சின்ன விஷயம்தான். வந்தீங்க, பாத்தீங்க, போன் பண்ணீங்க. அவ்வளவு போதும். நேரம் கேட்டா காலைலன்னு சொல்லுங்க."

"காலைலன்னா எப்ப?"

"காலைலன்னா காலைலதான்." அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். "உங்க மருத்துவக் காப்பீடு எல்லாம் வீடு நடக்கற வரைக்கும் அப்படியே இருக்கும். உங்க இடுப்பு ஆபரேஷன் வேற இருக்கே. யோசிச்சுக்கங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் போனதும் ஒலீட்டா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடுப்பு வலி வந்தால் அப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்வாள்.

"ரோனா, ஆறு மணிக்கு நீ என்ன பாத்தே?"

"நீங்க பாத்ததைத்தான்."

"அதான் என்ன?"

"பை."

"மூச்சு விட்டானா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஒலீட்டா."

"தெரியும் பொண்ணே. நீ சொல்ல மாட்டே. அதுதான் கஷ்டம்" என்றாள்.

விசாரணைக்குக் கூடம் நிரம்பிவிட்டது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நீளமான மேசை, அதன் பின்னால் ஐந்து பேர். பையன்கள் கோட்டு போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டின் அப்போதைய தலைவன் லேங், எந்தக் கேள்விக்கும், "வக்கீலின் ஆலோசனைப்படி பதில் சொல்ல விரும்பவில்லை" என்று படித்தான். அடுத்தவனும் அதே காகிதத்தைப் படித்தான். பதினோரு பேர் படித்தார்கள்.

பிறகு ஒலீட்டா. தேவாலயத்துக்குப் போடும் நீல உடையில் வந்திருந்தாள். விசாரணையை நடத்திய கல்லூரி டீன் அம்மாள் மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார்.

"ஆறு மணிக்கு வந்தேன். எட்டிப் பாத்தேன். போன் பண்ணது ஏழரைக்கு" என்றாள் ஒலீட்டா. "நடுவுல ஒன்றரை மணி நேரம் நான் பிஸ்கட் போட்டுட்டிருந்தேன்."

கூடத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஹாலம்பெக் எழுந்தார். அவர் முகம் சிவக்கும் என்று நினைத்தேன், சிவக்கவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அந்தப் பை மாட்டற வழக்கத்தை ஆரம்பிச்சது யாரு, மிஸ் டேக்கெட்?"

"நான்தான்."

"அப்போ பசங்க நீங்க சொல்லிக்கொடுத்தபடிதான் செஞ்சாங்க."

"பாதி. ஒருத்தன் பக்கத்துல உக்காரணும்னு சொன்னேன். போன் பண்ணணும்னும் சொன்னேன். அதை விட்டுட்டாங்க. விட்டுட்டாங்கன்னு எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். ஒரு தடவை கேட்டேன். அப்புறம் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"நல்ல பசங்கன்னு நெனச்சேன். என்கிட்ட நல்லாத்தான் இருந்தாங்க."

முன்வரிசையிலிருந்து ட்ரூடி ரூபல் எழுந்தாள். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று டீன் அம்மாள் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"ஆறு மணிக்கு அவன் மூச்சு விட்டுட்டிருந்தானா?"

"தெரியாதும்மா. நான் அவனைப் பாக்கல. பையைத்தான் பாத்தேன்."

மறுநாள் செய்தித்தாளில் பையன்களின் பெயர் உள்பக்கத்துக்குப் போய்விட்டது. முதல் பக்கத்தில், ஏப்ரனோடு ஒலீட்டாவின் பழைய படம். பணியாளர் கற்பித்த முறையையே மாணவர்கள் நம்பினார்கள் என்று தலைமையகம் புது அறிக்கை விட்டது. கல்லூரி, அந்தப் பணியாளர் தன் ஊழியர் அல்ல என்றது. பழி அவளுடையது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. வீட்டை நான்கு வருடத்துக்கு மூடினார்கள். மூன்று பையன்களுக்குச் சமூக சேவை நேரம் விதித்தார்கள். லேங் வேறு கல்லூரிக்கு மாறிப் படிப்பை முடித்தான். ஒலீட்டாவுக்கு ஒரு கடிதம் வந்தது, அதில் நன்றி என்று இருமுறை இருந்தது. காப்பீடு போய்விட்டது; இடுப்பு ஆபரேஷன் நடக்கவில்லை. காப்பிக்கடையில் வெர்ன் அவளைப் பார்த்து இப்போது தொப்பியைத் தொடுவதில்லை.

மார்ச்சில் ஒரு மத்தியானம் அவளுடைய சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் இருவரும் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தோம். வெளியே ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது ட்ரூடி ரூபல். நான் எழுந்து போகப் பார்த்தேன். ஒலீட்டா என் முழங்காலில் கை வைத்தாள்.

ட்ரூடி கதவருகிலேயே நின்றாள். கோட்டைக் கழற்றவில்லை.

"ஐம்பத்துநாலு பேர் இருந்தாங்க அந்த வீட்டுல" என்றாள். "எல்லாரும் வக்கீல் வழியாத்தான் பேசறாங்க. தலைமையகத்துக்குப் போன் பண்ணா பாட்டு போடறாங்க. வந்து வாய்விட்டுச் சொன்னது நீ ஒருத்திதான். அதனால உன்னைத்தான் திட்டப் போறேன்."

"உக்காருங்க" என்றாள் ஒலீட்டா.

"உக்கார மாட்டேன்."

நின்றபடியே திட்டினாள். இவளைக் கிழவி என்றாள், குருடி என்றாள். டெவின் சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று சொன்னாள். அவனுடைய அப்பாவின் பெயரே ஒருநாள் காலை முழுவதும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னாள். மாவு பிசைந்துகொண்டிருந்தாயே, மாவு, என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒலீட்டா குறுக்கே பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், "எந்தக் கை?" என்று கேட்டாள்.

"இடது."

அரை மணி நேரம் போனது. ட்ரூடிக்குக் குரல் கட்டிவிட்டது. நான் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். என்னை யாரென்று கேட்காமலே வாங்கிக் குடித்தாள்.

"இன்னும் முடியல எனக்கு" என்றாள்.

"வியாழக்கிழமை தவிர எல்லா நாளும் வீட்டுலதான் இருக்கேன்" என்றாள் ஒலீட்டா. "வியாழக்கிழமை டாக்டர்."

ட்ரூடி தம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு வந்தாள். அன்றைக்கும் நின்றுகொண்டேதான் திட்டினாள். ஆனால் கோட்டைக் கழற்றியிருந்தாள்.