ஈரம் படாத பலகை

மையித்தை, அதாவது இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டும் வேலையை ஹோல்மத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தஜிகிஸ்தானில் உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்தில் அவர் கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் ஊரில் அகப்பட்ட ஆண்களை ஆற்றங்கரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டது எந்தப் பக்கம் என்பதில் இன்றும் ஊருக்குள் இரண்டு பேச்சு உண்டு. அதுவரை குளிப்பாட்டி வந்த ஆளும் அந்தச் சுவரடியிலேயே கிடந்தார். உடல்களைப் பள்ளிவாசலுக்குள் கொண்டுவந்து கிடத்தினார்கள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முல்லா வாசலில் நின்று அழுதாரே தவிர உள்ளே வரவில்லை. டீசல் வாடை போகாத கைகளோடு ஹோல்மத் கெண்டியைத் தூக்கினார். அன்றிலிருந்து அவர்தான்.

பண்ணை கலைந்தது. டிராக்டரை யாரோ கழற்றி விற்றார்கள். இந்த வேலை மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஊரில் மரியாதை இருந்தது, ஆனால் தள்ளி நின்று கொடுக்கும் மரியாதை. எல்லோருக்கும் அவர் ‘அமக்’, அதாவது சித்தப்பா. அதே சித்தப்பாவுக்குக் கல்யாண விருந்தில் தனித் தட்டு. ஸபூரின் டீக்கடையில் அவருக்கென்று வைத்திருந்த கிண்ணத்தின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி.

“அமக், என்னைப் பாக்கும்போது நீளத்தை அளக்காதீங்க, பயமா இருக்கு” என்பான் ஸபூர்.

“உன்னை எதுக்குடா அளக்கணும்? நீ குள்ளன். உன்னைச் சுத்துற கபன் துணியில மிச்சம் விழுறதுல எனக்கு ஒரு சட்டை வரும்.”

அவருக்கு ஒரே மகன், அஸ்லிதீன். மாஸ்கோவில் கட்டட வேலை செய்துவிட்டு முதுகு வலியோடும் கொஞ்சம் தாடியோடும் திரும்பியவன், வயலில் உருளைக்கிழங்கு போட்டிருந்தான். அந்த இலையுதிர் காலத்தில்தான் மேல்கணவாயில் ராணுவ வண்டிகளை, அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய மலைக்காரர்கள் மறித்தார்கள். முன்வண்டியும் பின்வண்டியும் எரிந்தன. நடுவில் மாட்டிய பையன்களை இரண்டு பக்கப் பாறைகளிலிருந்தும் சுட்டார்கள். ஒருவனை உயிரோடு இழுத்துக்கொண்டு போனதாகவும் பேச்சு. கருகிய வாடை கீழே ஆப்பிள் தோட்டம் வரைக்கும் இறங்கியது. அந்த வெள்ளிக்கிழமை முல்லா, அரசு மேலிடத்து உத்தரவுப்படி, இறந்த ராணுவத்தார் எல்லோரும் ஷஹீதுகள், அதாவது உயிர்த்தியாகிகள் என்று அறிவித்தார். ஷஹீதின் ரத்தத்தைக் கழுவக் கூடாது என்பதால் அவர்களைக் குளிப்பாட்டாமல், ரத்தம் தோய்ந்த உடுப்போடே அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

அதன் பிறகு சிப்பாய்கள் வீடு வீடாகக் கதவை உடைத்தார்கள். மலைக்காரர்களுக்கு அஸ்லிதீன் இரண்டு மூட்டை கிழங்கு கொடுத்திருக்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வயலுக்கே வந்து கேட்டார்கள்.

“குடுத்தியா?”

“துப்பாக்கியோட வந்து கேட்டா குடுக்காம என்ன செய்ய? நீங்க கேட்டாலும் குடுப்பேன்.”

அந்த வாய்க்குத் துப்பாக்கிக் கட்டை பதில் சொன்னது. முன்பற்கள் கிழங்குச் சாலில் விழுந்தன. தலைமுடியைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். அவன் தாய் பீபிமோ வண்டிக்குப் பின்னால் பாலம் வரை ஓடினாள். திரும்பி வரும்போது கையில் அவனுடைய ஒற்றை ரப்பர் செருப்பு இருந்தது.

ஹோல்மத் தினமும் மாவட்டக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். உள்ளே யாராவது கத்தினால், அது மகன் குரல்தானா என்று காது கொடுத்துக் கேட்பார். இல்லை என்று தெரிந்ததும் வரும் நிம்மதியை நினைத்துத் தன்னையே வெறுத்துக்கொள்வார்.

ஒரு காலையில் ஹெலிகாப்டர் வந்து மேய்ச்சல் மலையில் இருந்த இடையர் குடிலைத் தரைமட்டமாக்கியது. நான்கு உடல்கள் கீழே வந்தன. கேப்டன் நைமொவ், ஹோல்மத்தை உள்ளே கூப்பிட்டார்.

“ஷஹீதைக் குளிப்பாட்டக் கூடாது, அப்படித்தானே?”

“அப்படித்தான், கேப்டன்.”

“இந்த நாலு நாய்ங்களையும் மலையில இருக்கிறவனுங்க ஷஹீதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறானுங்க. அதனால நீ குளிப்பாட்டணும். பள்ளிக்கூட மைதானத்துல, ஊரே பாக்க. கேமரா வரும்.”

“மறைப்புக் கட்டித்தான் குளிப்பாட்டுறது…”

“இடுப்புக்குத் துணி போட்டுக்கோ, போதும். நாலு பேருக்கும் தண்ணி விழணும். விழுந்துச்சுன்னா இன்னைக்கே உன் பையன் உன்கூட வருவான்.”

விழாவிட்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை. மேசை ஓரத்தில் ஒரு குறடு கிடந்தது. அதன் வாயில் ஏதோ காய்ந்து கறுத்திருந்தது.

கெண்டியும் மையித்தைக் கிடத்தும் பலகையும் எடுக்க வீட்டுக்கு வந்தபோது ஸபூர் வாசலில் நின்றான். அவன் வாயில் கேலி இல்லை.

“அமக், மலையில இருந்து சொல்லி விட்டிருக்காங்க. தண்ணி ஊத்துற கை உடம்புல இருக்காதாம்.”

ஹோல்மத் மனைவியைப் பார்த்தார். பீபிமோ பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

“கை போனா நான் ஊட்டி விடுறேன். பிள்ளை போனா?”

மைதானத்தில் ஊர் ஆண்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். நாற்றத்துக்கு ஒதுங்கிச் சிப்பாய்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். கேமராக்காரன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தூரத்திலேயே நின்றான். முதல் ஆளுக்கு முகம் இல்லை. தாடி மட்டும் மோவாய் எலும்போடு தொங்கியது. இரண்டாமவனுடைய வயிற்றை ஹோல்மத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற முடிந்தது. மூன்றாமவன் தொடை வரைதான் இருந்தான். வலதிலிருந்து இடம், தலையிலிருந்து கால். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பலகையிலிருந்து வழிந்த நீர் புழுதியில் சிவந்து, முன்வரிசை ஆட்களின் காலடி வரை போனது. ஒருவன் வாந்தி எடுத்தான். நகரக் கூடாது என்று சிப்பாய் அதட்டினான்.

நான்காவது உடலைக் கிழிந்த பஞ்சு அங்கிக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். முன்வரிசைக்கு முதுகு காட்டிக் குனிந்து அங்கியை விலக்கியதும் உள்ளே ராணுவத்துக் கோடு போட்ட பனியன் தெரிந்தது. ஒட்ட வழித்த தலை. மோவாயில் பூனை மயிர்தான். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு தின்ற வளையம். நெஞ்சில் ஹெலிகாப்டர் போட்ட ஓட்டைக்குள் பனியனின் நீலக் கோடுகள் புதைந்து கிடந்தன.

கணவாயில் மலைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போன ராணுவப் பையன். உடுப்பைப் பறித்துக்கொண்டு இந்த அங்கியை மாட்டிக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஹோல்மத் நிமிர்ந்து கேப்டனைப் பார்த்தார். கேப்டன் சிகரெட்டின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே வாயைத் திறந்தால் மகன் இல்லை. ஆனால் இவனுடைய கூட்டாளிகளுக்கெல்லாம் ஷஹீத் மரியாதை கொடுத்து அனுப்பிவிட்டு, இவனை மட்டும் அந்த மூன்று பேரோடு சேர்த்துக் கழுவுவதா? கெண்டியை நிரப்புவதுபோல் குனிந்தார். நிரப்பவில்லை. வெறும் கெண்டியைப் பனியனுக்கு மேலே சாய்த்து, வலதிலிருந்து இடம், தலையிலிருந்து கால், ஒன்றையும் தொடாமல் கையை ஓட்டினார். ரத்தத்தை அப்படியே விட்டு, பனியனோடே கபன் துணியைச் சுற்றினார். இவ்வளவு தூரத்தில் கேமராவுக்குத் தண்ணீரும் காற்றும் ஒன்றுதான். இறைவனுக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்தார்.

முன்வரிசையை மறந்துவிட்டார்.

இந்த முறை புழுதியில் புதுத் தண்ணீர் ஓடவில்லை. பலகையில் நான்காவது ஆளுக்கு ஒரு சொட்டுகூட விழவில்லை. உடல்களை வண்டியில் ஏற்றி முடிப்பதற்குள் ஊர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. பலகையைக் கழுவ ஆற்றுக்குப் போகும் வழியில் ஸபூர் புள்ளியில்லாத புதுக் கிண்ணத்தில் டீயை நீட்டினான்.

“குடிங்க அமக். எல்லாரும் பாத்தோம். நாலாவது ஆள் ஷஹீதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கேப்டன் மூக்குக்கு நேராவே செஞ்சீங்களே! ஷஹீதுகிட்ட வர்ற ஆப்பிள் வாசம் வந்துச்சாமே மையித்துல?”

ஹோல்மத் கிண்ணத்தை வாங்கவில்லை. மலைக்காரன் ஒருவனுக்குத் தான் மரியாதை செய்ததாக ஊர் நினைக்கிறது. ஊர் நினைப்பது காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? அவர் ஆற்றைத் தொடுமுன் வண்டி வந்துவிட்டது.

கேப்டன் உட்காரச் சொல்லவில்லை. ஒரு சிப்பாய் ஹோல்மத்தின் இடது கையை இழுத்து இரும்புக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் வைத்தான்.

“அவனுக்கு மட்டும் ஏன்யா ஊத்தலை? யாரு அவன் உனக்கு? மருமகனா?” என்றார் கேப்டன்.

சிப்பாய் கதவைச் சாத்தினான். பச்சைக் குச்சிகளை முறிக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது, வலி அதற்குப் பின்னால் வந்தது. ஹோல்மத் முழங்காலில் விழுந்தார். கை கதவிலேயே தொங்கியது.

“சொல்லு!”

“அவன் உங்க ஆளு” என்றார். “உள்ள கோடு போட்ட பனியன். கையைக் கட்டியிருந்தாங்க. உங்க பையன், கேப்டன். அதான் ஊத்தலை.”

கேப்டன் சிப்பாயை வெளியே போகச் சொன்னார். சன்னலருகே போய் அதைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“தெரியும்.”

ஹோல்மத் தலையைத் தூக்கினார்.

“மலையில கைதி ஒருத்தனும் இல்லைன்னு துஷான்பே மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. அப்புறம்தான் ஹெலிகாப்டர் கிளம்புச்சு. தஜிகிஸ்தான் முழுக்க டிவியில நாலு தீவிரவாதின்னு போயாச்சு. இப்ப அதுல ஒண்ணு எங்க ஆளுன்னு நான் சொல்லட்டுமா? நீயே சொல்றியா?”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“சொல்ல மாட்டே.” கேப்டன் தானே வந்து வலது கையை எடுத்து இடுக்கில் வைத்தார். “இது மறக்காம இருக்க.” முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கதவைச் சாத்தினார். “உன் பையனைக் கூட்டிட்டுப் போ. அந்தப் பனியனைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய வந்துச்சு, அவன் மறுபடி இங்க. அப்ப குளிப்பாட்டுறதுக்குக்கூட உனக்குக் கிடைக்க மாட்டான்.”

இருவரையும் பாலத்தருகே வண்டியிலிருந்து தள்ளிவிட்டுப் போனார்கள். அஸ்லிதீனின் உள்ளங்கால்கள் ரொட்டிபோல் ஊதி வெடித்திருந்தன. விரல்களில் நகம் இல்லாத இடங்கள். அவன் தந்தையின் தொங்கும் கைகளைப் பார்த்தான். குனிந்து, வீங்கிய உதட்டால் அவற்றை முத்தமிட்டான்.

“உள்ள எல்லாரும் பேசிக்கிட்டாங்கப்பா. மைதானத்துல ஷஹீதுக்குத் தண்ணி ஊத்தலையாமே நீங்க. உங்களைப் போய்ப் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சிருந்தேன்.” பற்கள் இல்லாத வாயில் சொற்கள் காற்றாக வந்தன. “எனக்கு இப்ப தெளிவாயிருச்சு. நான் அவங்ககிட்டப் போறேன். ஹோல்மத் பையன்னு சொன்னா சேத்துக்குவாங்க.”

மலைப்பாதை பாலத்திலிருந்தே பிரிந்து ஏறியது. ஹோல்மத்துக்குக் கேப்டனின் குரல் காதில் இருந்தது. பனியனைப் பற்றிச் சொன்னால் ராணுவத்தார் மகனை மறுபடி எடுத்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் இவனே மலைக்குப் போய்விடுவான்.

“அவன் மலைக்காரன் இல்லடா” என்றார். “ராணுவப் பையன். புடிச்சுக் கட்டி வச்சிருந்தாங்க. அவங்க ஹெலிகாப்டரே சுட்டுருச்சு. அதை வெளிய சொன்னா உன்னைக் கொன்னுருவாங்க.”

அஸ்லிதீன் கைகளை விட்டான்.

“ராணுவத்தானா? இதைப் பாருங்க.” விரல்களை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினான். “இதைச் செஞ்சவங்களுக்கா மரியாதை பண்ணீங்க?”

“அவன் செய்யலியேடா.”

“அவன் சட்டை செஞ்சுச்சு!”

நெஞ்சில் தள்ளினான். ஹோல்மத் கையை ஊன்றி விழுந்தார். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. திறந்து பார்த்தபோது மகன் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தான். சுவரைப் பிடித்து நடப்பவன்போல் பாறையைப் பிடித்துச் சில அடிகள் வைத்தான். பிறகு நான்கு காலில் தவழ்ந்தான். பிறகு அதுவும் முடியாமல் கற்களின்மேல் முகம் குப்புறக் கிடந்து அலறினான். அவன் போன தடமெல்லாம் கல் நனைந்திருந்தது.

ஹோல்மத் அவன் பக்கத்தில் போனார். தூக்குவதற்குக் கை இல்லை. அவனுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார்.

“ஏறு.”

“போய்த் தொலைங்க.”

“ஏறித் தொலைடா. திட்டுறதை மேல இருந்து திட்டு.”

கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. பிறகு கழுத்தில் இரண்டு கைகள் விழுந்தன, முழு எடையும் முதுகில் சரிந்தது. எத்தனையோ உடல்களைத் தூக்கியவர் அவர். இது அசைந்தது, நெளிந்தது, சூடாக இருந்தது. எழுந்து ஊர்ப்பக்கம் திரும்பினார். வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை. பிணந்தின்னி என்றான், அடிமை என்றான், நாளைக்குக் கால் ஆறட்டும், போயிடுவேன் என்றான். ஒவ்வொரு வசவும் அவர் பிடரியில் மூச்சாகப் பட்டது. அது நின்றுவிடாதபடி, இடையிடையே அவனைச் சீண்டிவிட்டுக்கொண்டே ஹோல்மத் நடந்தார்.