நம்பிக்கை வகுப்பு எடுத்த யேசுதாஸ்

"சத்தமா சொல்லுபா, தறி சத்தத்துக்கு மேல கேக்கணும்" என்பான் யேசுதாஸ், வாய் நிறையப் பற்பொடியோடு. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் விடுதிக் கிணற்றடியில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, "என்னால் முடியும்" என்போம். சிலர் கொட்டாவியோடு.

யேசுதாஸ் என் அறைத் தோழன். பி.எஸ்ஸி. கணிதத்தில் ஒரு தாளை இரண்டு முறை கோட்டை விட்டவன். எழுபதாம் ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மனோதத்துவப் பேராசிரியர் ஒருவர் பத்து நாள் நம்பிக்கைப் பயிற்சி நடத்தினார். அவர் ரயில் ஏறியதும் நாங்கள் மறந்துவிட்டோம். யேசுதாஸ் மட்டும் விடவில்லை. காலர் கிழிந்த சட்டை போட்டாலும் தலை வாராமல் வெளியே வரமாட்டான். யாராவது பரீட்சை கஷ்டம் என்றால் காதைப் பொத்திக்கொள்வான். "அந்த வார்த்தையே வாணாம்பா. சொன்னா உள்ளாற பூந்து குந்திக்கும்."

அவனை முழுதாக நம்பியவன் தாமல் கிராமத்திலிருந்து வந்து படித்த சின்னப்பையன் என்ற மாணவன். மார்ச் தேர்வுக்கு முன்பு ஒரு சாயங்காலம் எங்கள் அறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, தூக்கமே புடிக்கல. படிச்சது ஒண்ணும் நிக்கமாட்டேங்குது. பயமா இருக்குது."

யேசுதாஸ் காதைப் பொத்திக்கொண்டான். "நூறு தரம் எழுதுபா. சரியாப்பூடும்."

சின்னப்பையன் சிரித்துவிட்டுப் போனான். நானும் அங்கேதான் இருந்தேன், என்னவென்று கேட்கவில்லை. மறுநாள் ஊருக்குப் போனவனின் உடல், மூன்றாம் நாள் தாமல் ஏரியில் கிடைத்தது.

யேசுதாஸ் தேர்வு எழுதவில்லை. பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

காரியம் முடிந்து, பையனின் டிரங்குப் பெட்டியை எடுத்துப் போக அப்பா பரசுராமன் வந்தார். ஏர் பிடிக்கிறவர், எழுத்து தெரியாது. பெட்டியில் துணிகளுக்கு மேலே ஒரு நோட்டு இருந்தது. யேசுதாஸிடம் நீட்டினார்.

"என்னாபா எழுதிக்கீறான்?"

"என்னால் முடியும்னு, நைனா."

பக்கத்தைப் புரட்டினார். "இங்க?"

"அதான்."

"இத்தினியும் அதேவா?"

"ஆமா நைனா."

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. 'என்னால் முடிய' என்பதோடு சரி. பெரியவர் அதைத் தொட்டு, "இது?" என்றார்.

யேசுதாஸ் என்னை ஒருமுறை பார்த்தான்.

"அதுவும் அதான்" என்றவன், அவர் விரலை எடுத்ததும், மறுபடி அவர் கண்ணில் பட்டுவிடாதபடி அந்த வரியைத் தன் பெருவிரலால் மறைத்துக்கொண்டான்.