செம்புத் தகடு போட்ட அலுமினியப் படகு

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். பெரியதாழைக்காரரான என் மனைவியின் அண்ணன், வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் மீனும் கொண்டுபோய் விற்றுவந்தார். நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன்.

ஏதோ கப்பலில் கழித்துப்போட்ட சின்ன அலுமினியப் படகு ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடக்க, மச்சான் அதை வாங்கினார். அந்த நீளத்துக்கு மரவள்ளம் என்றால் கரையேற்ற ஆறேழு பேர் வேண்டும். இதை நாங்கள் இரண்டு பேரே தலைக்கு மேல் தூக்கி மணலில் நடந்தோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து, உலோகம்தானா என்று தட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் அலுமினியம் மிருதுவானது. கல்லில் உரசினால் அடிப்பாகம் கீறிக்கொண்டது. மச்சான் கனமான செம்புத் தகடு ஒன்று கொண்டுவந்தார். மரக்கலங்களுக்கு அந்தக் காலத்தில் செம்புதான் அடிப்பார்கள், கடல் அதை ஒன்றும் செய்யாது என்றார். அலுமினியமும் இரும்பைப்போலத் துருப்பிடிப்பதில்லை. எனக்கும் அது சரியாகவே பட்டது. இருவருமாகப் படகின் அடியில் வெளிப்புறமாக அதை வைத்து, துளை போட்டுப் பித்தளை போல்ட்டுகளால் முடுக்கினோம்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் நானும் அவருடன் போனேன். பாதி வழியில் காய்கறிக் கூடைகளுக்கு அடியில் தண்ணீர் ஏறியது. கூடையை நகர்த்திவிட்டு, அடியில் தகடு முடியும் இடத்தை உள்ளிருந்து தடவினேன். என் விரல் படகுக்கு வெளியே போய்விட்டது.

"மச்சான், இங்கன ஓட்டை இருக்கு."

"எம்புட்டு?"

"விரல் போவுது."

அவர் உடனே படகைக் கரைப்பக்கம் திருப்பினார். தோளிலிருந்த துண்டை அந்த ஓட்டையில் திணித்து, தூக்குச்சட்டியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தேன். கரை தட்டியபோது படகுக்குள் முழங்கால் வரை தண்ணீர். கூடைகளில் பாதி மிதந்தது.

படகைக் கவிழ்த்துப் பார்த்தோம். தகட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. தகட்டிலிருந்து தள்ளியிருந்த இடங்களில் அரிப்பே இல்லை. செம்பும் பித்தளை போல்ட்டும் நாங்கள் போட்டபடியே இருந்தன.

உதிர்ந்த துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பழைய டார்ச் பேட்டரிக் கட்டையை நீங்க உடைக்கும்போது வெளித்தகடு இப்படித்தான அரிச்சுக் கெடக்கும்?" என்றாள்.

அந்த வெளித்தகடு கரைந்துதான் கட்டை மின்சாரம் தருகிறது; படகிலும் அதுவே நடந்திருக்குமோ என்று தோன்றியது. கடைக்குப் போய் மீட்டரை எடுத்துவந்தேன். மச்சான் ஒரு வாளி கடல்தண்ணீர் கொண்டுவந்தார். செம்புத் துண்டையும் அலுமினியத் துண்டையும் ஒன்றையொன்று தொடாமல் அதில் நிறுத்தி, மீட்டரின் கம்பிகளை அவற்றில் வைத்தேன். முள் நகர்ந்தது. அரை வோல்ட்டை ஒட்டிப் போய் நின்றது. கட்டை இல்லை, கரண்ட் லைன் இல்லை. வெறும் கடல்தண்ணீர்.

மச்சான் நம்பவில்லை. டிரான்சிஸ்டரின் இயர்போனை அவர் காதில் வைத்து, அதன் கம்பி முனைகளால் அந்த இரண்டு துண்டுகளையும் தொட்டுத் தொட்டு எடுத்தேன். ஒவ்வொரு தொடலுக்கும் 'டக்' என்று கேட்டதாம். எடுக்கவே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே மாப்ளே, அம்புட்டு நாளும் பேட்டரிக்குள்ள உக்காந்தா போயிருக்கோம்?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

செம்பு கொஞ்சமும் குறையாமல் இருக்க, பக்கத்தில் அலுமினியம் தன்னையே கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. தனித்தனியே விட்டிருந்தால் இரண்டுமே கடலைத் தாங்கியிருக்கும்.

செம்பையும் பித்தளையையும் கழற்றிவிட்டு, அரித்த இடத்தை வெட்டி, அலுமினியத் தகட்டையே அலுமினிய ரிவெட் ஆணிகளால் அடித்துப் பெயிண்ட் பூசினோம். பெரிய படகு வாங்கும்வரை மச்சான் அதில்தான் தொழில் செய்தார்.

பழுது பார்த்தபின் முதல் நாள் கப்பல் பார்க்க வேண்டுமென்று என் மனைவியும் எங்களோடு வந்தாள். ஆனால் அவள் கப்பலைப் பார்க்கவில்லை. கையைத் தண்ணீரில் விட்டுக் குனிந்தபடியே இருந்தாள்.

"என்னளா பாக்கே?" என்றார் மச்சான்.

"இந்தத் தண்ணியிலதான கரண்ட் ஓடிச்சுன்னீங்க. ஒண்ணும் தெரியலண்ணே. அதான் பாக்கேன்."